நனையும் முகவரி: அஞ்சல் உறைக்கு உரிய மைப்பேனா மை குறித்து ஓர் ஆய்வு

1. அளவுகோல்

மைப்பேனாவால் கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் உள்ளே வைக்கும் தாளுக்குத்தான் நல்ல மை தேடுகிறார்கள். உள்ளிருக்கும் தாளுக்கு உறை காவல் இருக்கிறது. உறைமேல் எழுதிய முகவரிக்குக் காவல் எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் தபால் பெட்டிக்குப் போகும் முகவரி, எழுதிய ஈரம் காய்வதற்குள் மழையைப் பார்த்துவிடக்கூடும்.

மைப்புட்டியில் 'நிரந்தரம்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி உறையில் எழுதுவது வழக்கம். அந்த உறுதிமொழி ஆவணக் காப்பகங்களை மனத்தில் வைத்துத் தரப்படுவது. பிறப்பு, இறப்புப் பதிவேடு தலைமுறைகள் தாண்டியும் மங்காமல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பதிவாளர்களுக்கென்றே தனி மை தயாரிக்கப்படுவது அதனால்தான். உறையின் ஆயுள் சில நாள், மிஞ்சினால் சில வாரம். ஆனால் அதற்குள் அது படும் பாடு, பதிவேடு நூறாண்டில் படாத பாடு. ஆகவே உறை மையிடம் கேட்க வேண்டியவை வேறு: எழுதி எவ்வளவு நேரத்தில் தண்ணீரைத் தாங்குகிறது, உரசினால் இழுபடுகிறதா, இலக்கங்கள் பிசிறாமல் விழுகின்றனவா? இப்படிக் கேட்கத் தொடங்கினால், நீடித்த மை எது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை கொஞ்சம் புரண்டுவிடுகிறது.

2. வழியில் நேர்வன

முதல் பகை தண்ணீர். அதிலும் இரண்டு நிலை உண்டு. ஒரு துளி விழுந்து தானே காய்ந்தால் அந்த இடம் மட்டும் கலங்கும். நனைந்த உறைகள் கட்டாக அழுந்திக் கிடந்தால் கரைந்த சாயம் பக்கத்து உறையின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒருவர் முகவரி இன்னொருவர் கடிதத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்து வருவது இப்படித்தான். அடுத்தது உரசல். கட்டிலும் பையிலும் ரயில்வே அஞ்சல் சேவையின் (ஆர்.எம்.எஸ்.) பிரிப்பு மேசையிலும் உறைமேல் உறை தேய்கிறது. வியர்த்த விரல் இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யும். வெளிச்சத்தால் மங்குவதைப் பொறுத்தவரை உறைக்குப் பெரிய கவலையில்லை. அது பெரும்பாலும் இருட்டில்தான் பயணம் செய்கிறது.

இயந்திரக் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை 1990களின் பிற்பகுதியிலிருந்து கையெழுத்து முகவரிகளைக் கணினியால் வாசித்து வருகிறது. அந்த முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு, பஃபலோ பல்கலைக்கழகத்தில் சர்குர் ஸ்ரீஹரி நிறுவிய ஆய்வு மையத்துக்கு உண்டு. அவர் பெங்களூரில் படித்துவிட்டுப் போனவர். வாசிக்கும் கருவி எதுவானாலும் தாளுக்கும் மைக்கும் இடையே போதிய வெளிச்ச வேறுபாடு இருந்தால்தான் அதற்கு எழுத்து தெரியும். வெளிர் நீலம், ரோஜா, மஞ்சள் மைகள் மழைக்கு முன்பே இங்கே தோற்றுவிடுகின்றன. காக்கி உறைமேல் பழுப்பு மையும் அப்படியே.

3. மை வகைகள்

3.1 சாய மை

கடையில் கிடைக்கும் மைப்பேனா மைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. நீரில் முழுதாகக் கரையும் சாயம், தாளில் நீர் ஆவியானபின் நாருக்குள் தங்குகிறது. தங்குகிறதே தவிர ஒட்டுவதில்லை. மறுபடி நீர் வந்தால் மறுபடி கரையும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ராயல் புளூ இதற்கு நல்ல சான்று. சட்டையில் கொட்டினால் துவைத்துப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த வகை மை விரும்பப்படுகிறது. 1931இல் வந்த பார்க்கர் குவிங்க் மையில் 'துவைக்கக்கூடியது', 'நிரந்தரம்' என்று இரண்டு பிரிவு இருந்ததும் இந்தத் தேவையால்தான். அம்மாவுக்குப் பிடித்த மை தபால்காரருக்கு ஆகாது.

சாய மைகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சில கறுப்பு மைகள் நனைந்தபின்னும் வாசிக்கத்தக்க சாம்பல் கோட்டை விட்டுவைக்கின்றன. சிவப்பு மைகள் பலவும் துளி பட்டதும் தடம் தெரியாமல் போய்விடுகின்றன.

3.2 இரும்பு மை

நம் பாட்டன்மார் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டிக் காய்ச்சிய மை இந்தக் குடும்பம். ஐரோப்பாவில் கடுக்காயின் இடத்தில் மாசிக்காய். காயிலுள்ள டானினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் சேர்ந்த கரைசல் எழுதும்போது மிக வெளிறியே இருக்கும். தாளில் காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையாத கருஞ்சேர்மமாக நாருக்குள்ளேயே உறைகிறது. எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதில் நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாக விழுந்து கறுப்பாக மாறும் 'புளூ பிளாக்' அப்படிப் பிறந்தது. இந்த மாற்றம் புட்டிக்குள்ளேயே நடந்து வண்டல் தங்கிவிடாதபடி தடுக்க அமிலம் சேர்ப்பார்கள். எஃகு முள் அரிப்பதும், பழைய கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாவதும் இந்த மையின் அமிலத்தாலும் இரும்பாலும்தான். மைப்பேனாவுக்கென்று இன்று விற்கும் இரும்பு மைகள் அவ்வளவு காரமானவை அல்ல.

ஆவணக் காப்பகத்தார் பார்வையில் இதுவே மூத்த மை. உறையின் பார்வையில் அதன் குறை நேரம். கருமை நிமிடங்களில் தொடங்கினாலும் முழுதாக ஏற மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் ஆகும். எழுதிய கையோடு பெட்டியில் போட்ட உறை நனைந்தால், கரையாத சேர்மமாக மாறியிராத பகுதி நீலச் சாயத்தோடு சேர்ந்து போய்விடும். ஓர் இரவு மேசைமேல் கிடந்த உறை நனைந்தால் நீலம் மட்டும் கழுவப்பட்டு, மெல்லிய கருங்கோடு நிற்கும். அந்தக் கோடு போதும்.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாமி போன்ற நிறுவனங்கள் தங்கள் புளூ பிளாக்கிலிருந்து இரும்பை எடுத்துவிட்டன. பெயரும் நிறமும் அப்படியே இருக்க, உள்ளிருப்பது சாய மை. ஜப்பானின் பிளாட்டினம் புளூ பிளாக், லிவர்பூலின் டயமைன் பதிவாளர் மை, ஜெர்மனியின் ரோரர் உண்ட் கிளிங்னர் சாலிக்ஸ் ஆகியவை இன்றும் இரும்பு மைகளே.

3.3 நிறமி மை

சாயம் கரைகிறது, நிறமி கரைவதில்லை. கரித்தூளை எவ்வளவு நேரம் நீரில் ஊறவைத்தாலும் அது கரியாகவே இருக்கும். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் தேய்த்த கரி, ஓலை செல்லரித்தபின்னும் கறுப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஓவியர்களின் இந்தியன் இங்க்கிலும் கரிதான். ஆனால் அதிலுள்ள அரக்குப் பசை மைப்பேனாவின் நாக்கை அடைத்துவிடும் என்பதால் பேனாவுக்கு அது உதவாது. பிளாட்டினம் கார்பன், செய்லர் கிவாகுரோ போன்றவை கரியை மிக நுண்ணிய துகளாக்கிப் பசையில்லாமலே மிதக்க விட்டவை. நீல நிறமியிலும் இப்படிப்பட்ட மைகள் உண்டு. செய்லரின் செய்போகு அவற்றில் ஒன்று.

உறையின் அளவுகோலில் முதலிடம் இதற்கே என்பது என் முடிவு. வேதிவினைக்குக் காத்திருக்க வேண்டாம். ஈரம் வற்றித் துகள் நாரிடையே சிக்கியதும் வேலை முடிந்தது. உரசலில்தான் சற்றுப் பலவீனம். வழுவழுப்பான உறையில் துகள் உள்ளே இறங்காமல் மேலேயே படிந்து, விரல்பட்டால் கறையாக இழுபடும். பேனாவைத் திறந்தபடி விட்டாலோ மாதக்கணக்கில் எழுதாமல் வைத்தாலோ மை உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த பேனாவில் இதை ஊற்ற மனம் வராதவர்கள் உறைக்கென்று ஒரு மலிவான பேனாவை ஒதுக்கலாம்.

3.4 நாரைப் பற்றும் மை

திருப்பூரில் பருத்திக்குச் சாயமேற்றுவோர் அறிந்த தத்துவம் இது. 1956இல் ஐசிஐ நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வினைச்சாயங்கள் பருத்தியின் செல்லுலோசோடு வேதிப்பிணைப்பு கொண்டு, துவைத்தாலும் போகாதவை. தாளும் செல்லுலோசுதான். அமெரிக்காவின் நூட்லர்ஸ் மைகளில் சில, தாளின் செல்லுலோசோடு வினைபுரிந்து நீரையும் வெளுப்பானையும் தாங்குவதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். இதில் ஒரு நுணுக்கம். செல்லுலோசு கிடைத்த அளவுக்கே மை பற்றும். பட்டை முள்ளால் தாராளமாக எழுதினால் பற்றியது போக மிச்சம் மேலே தங்கி, பல நாள் கழித்தும் ஈரவிரலில் ஒட்டும். ஆனால் அடியிலுள்ள கோடு அழியாது.

4. உறைத் தாள்

மையைப் பற்றி இவ்வளவு பேசுவோர் தாளைப் பற்றிப் பேசுவதில்லை. பாதிப் பழி தாளுடையது. எழுதும் தாளில் மை ஊறாமல் இருக்கப் பசையேற்றுவார்கள். மலிவான உறைத் தாளில் அந்தப் பசையேற்றம் குறைவு. மை நாரின் வழியே ஓடிப் பிசிறும். காக்கி உறையில் இது அதிகம், நிறவேறுபாடும் குறைவு. பளபளப்பான திருமண அழைப்பிதழ் உறைகள் இதற்கு நேர் எதிர்: பூச்சு மையை உள்ளே விடாது. இரும்பு மை நாருக்குள் இறங்க வழியில்லை; நாரைப் பற்றும் மைக்குப் பற்ற நாரில்லை; நிறமி மேலே காய்ந்து உதிர்கிறது. எந்த உயர்ந்த மையானாலும் பூச்சுத் தாளில் சாய மைக்குச் சமமாகிவிடுகிறது. அங்கே வெள்ளைத் தாளில் முகவரி எழுதி ஒட்டுவதுதான் வழி.

புட்டியைப் பார்த்து முடிவெடுக்காமல், அனுப்பப்போகும் அதே வகை உறையில் ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். கொஞ்சநேரம் கழித்து ஒரு பாதியிலும் மறுநாள் இன்னொரு பாதியிலும் தண்ணீர் விட்டு, ஈரவிரலால் ஒருமுறை இழுத்தால் போதும். ஊறவைப்பதைவிட இந்த இழுப்பே அஞ்சல் வழிக்கு நெருக்கமான சோதனை.

5. ஆறு இலக்கம்

முகவரியின் எல்லாப் பகுதிகளுக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. 'திருநெல்வேலி' என்பதில் இரண்டு எழுத்து கரைந்தாலும் மீதியை வைத்துத் தபால்காரர் ஊகித்துவிடுவார். எண்ணில் அந்த மிகை இல்லை; ஓர் இலக்கம் மாறினால் வேறொரு முழு எண் கிடைக்கும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள பின்கோடில் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது: தமிழ்நாடும் கேரளமும் 6, பீகாரும் ஜார்க்கண்டும் 8. திருநெல்வேலியின் 627001 என்பதன் முதல் இலக்கத்தில் மை பிசிறி, 6இன் திறந்த வாய் மூடிக்கொண்டால் 827001. அது ஜார்க்கண்டின் பொகாரோ. 7இன் தலைக்கோடு கரைந்தால் 621, திருச்சிப் பக்கம்.

இந்த விபத்துக்கு மழைகூட வேண்டாம். ஊறும் தாளும் தடித்த முள்ளும் போதும். மற்ற வரிகளை விரும்பிய பேனாவால் எழுதினாலும், பின்கோடை மெல்லிய முள்ளால், இலக்கங்களைத் தள்ளித் தள்ளி எழுத வேண்டும். ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதினால், எண் பொய் சொல்லும்போது அதைத் திருத்த ஒரு சாட்சி இருக்கும்.

6. துணைக் காப்பு

சாய மைதான் கையில் இருக்கிறது, அதன் நிறமே வேண்டும் என்போருக்குப் பழைய கைமுறை ஒன்று உண்டு: மை நன்றாகக் காய்ந்தபின் வெள்ளை மெழுகுவத்தியை முகவரிமேல் லேசாகத் தேய்ப்பது. துளிகள் உருண்டோடிவிடும். நீரில் ஊறும் அளவுக்குப் போனால் மெழுகு காக்காது. மடிப்பிலும் உரசலிலும் அது உதிரும். காயாத மையில் தேய்த்தால் முகவரியையே இழுத்துக்கொண்டு போகும்.

ஒட்டுநாடா மெழுகைவிட உறுதியானது. முகவரியின் நான்கு ஓரமும் தாண்டி ஒட்ட வேண்டும். ஓரத்தில் நின்றுவிட்டால் நீர் பக்கவாட்டில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மையைக் கலக்கும். அஞ்சல்தலைமேல் நாடா ஏறக்கூடாது. முத்திரை மை பிளாஸ்டிக்கில் பிடிக்காது.

பந்துமுனைப் பேனாவின் எண்ணெய்ப்பசை மை இத்தனை தொல்லையும் இல்லாமல் நீரைத் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் மைப்பேனாக்காரர்களும் அனுப்புநர் முகவரியை மட்டும் அதில் எழுதுவதில் தவறில்லை. இரண்டு முகவரியும் ஒரே மையில் இருந்து இரண்டும் கரைந்தால், உறையைத் திறந்து பார்ப்பதைத் தவிர அஞ்சல் துறைக்கு வழி கிடையாது. உள்ளே கடிதத்தின் தலைப்பில் இரு முகவரிகளும் எழுதப்பட்டிருந்தால் அப்போதும் அது போய்ச் சேரும்.