சென்னை ஆர்மீனியத் தேவாலயம்

சென்னை ஆர்மீனியத் தேவாலயம் என்பது ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறமாக வடக்கே செல்லும் ஆர்மீனியன் தெருவில், ஆர்மீனிய வணிகர்கள் தங்கள் சொந்த வழிபாட்டிற்காக 1772ஆம் ஆண்டு எழுப்பிய கன்னி மரியாள் ஆலயமாகும். இந்தியாவில் உள்ள பழைய தேவாலயங்களுள் பல, சமயம் பரப்ப வந்த குருமார்களாலோ ஆட்சியாளர்களாலோ நிறுவப்பட்டவை. இதுவோ, மதமாற்றத்தை நாடாத, ஆட்சியதிகாரமும் இல்லாத ஒரு புலம்பெயர் வணிகச் சமூகம் தன் மொழியையும் வழிபாட்டையும் காத்துக்கொள்ளக் கட்டியது என்பதே இதன் சிறப்பு.

ஆர்மீனியா நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை அரசு சமயமாக ஏற்ற நாடு. அதன் திருச்சபை, கி.பி. 451இல் கூடிய கால்செதோன் பொதுச்சங்கத்தின் முடிவுகளை ஏற்காததால் ரோமிலிருந்தும் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்தும் விலகி நின்ற கீழைச் சபைகளுள் ஒன்றாகும். கேரளத்தின் மலங்கர ஆர்த்தடாக்ஸ் சபையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சபையின் தலைவர் ‘கத்தோலிக்கோஸ்’ எனப்படுவார். அவருடைய தலைமைப் பீடம் ஆர்மீனியாவிலுள்ள எச்மியாட்சின் ஆகும்.

சென்னைக்கு வந்த ஆர்மீனியர்களில் பலருடைய பூர்வீகம் ஜுல்ஃபா என்னும் ஊர். பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், உதுமானியப் பேரரசுடன் நடந்த போரின்போது, 1604–05 ஆண்டுகளில் அவ்வூர் மக்களை வேரோடு பெயர்த்து, தம் தலைநகரான இஸ்பஹானின் அருகே குடியேற்றினார். அக்குடியேற்றமே புதிய ஜுல்ஃபா எனப் பெயர் பெற்றது. ஊரை இழந்தவர்கள் அங்கிருந்து பட்டு வணிகத்தைப் பெருக்கி, ஐரோப்பாவிலிருந்து மணிலா வரை கிளை பரப்பினர். அவ்வணிக வழியில் சென்னை ஒரு முக்கியமான துறையாயிற்று.

இவர்களுடைய வணிகத் திறமையைத் தன் பக்கம் திருப்ப விரும்பிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கோஜா பானோஸ் கலந்தார் என்பவருடன் 1688இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. (‘கோஜா’ என்பது பெருவணிகர்களுக்கு வழங்கிய மரியாதைப் பட்டம்.) கம்பெனியின் நகரங்களில் நாற்பது பேருக்குக் குறையாமல் ஆர்மீனியர் குடியேறினால், அவர்களுக்கு ஆலயம் கட்ட நிலம் தருவதாகவும், கல்லால் கட்டும்வரை மரத்தாலான ஆலயத்தைக் கம்பெனியே தன் செலவில் அமைத்துத் தருவதாகவும், குருவுக்கு ஏழு ஆண்டுகள் ஆண்டுக்கு 50 பவுன் வழங்குவதாகவும் அதில் உறுதியளிக்கப்பட்டது. வணிக உடன்படிக்கை ஒன்றில் வழிபாட்டுரிமை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது, அச்சமூகம் எதை முதன்மையாகக் கருதியது என்பதைக் காட்டுகிறது. சென்னையில் இவர்களுடைய முதல் ஆலயம் 1712இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே எழுந்தது. அது இப்போது இல்லை.

கம்பெனியின் ஆதரவு நிலையாக இருக்கவில்லை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல் அதைத் திருப்பித் தந்ததும், எதிரிக்குத் துணைபோனவர்கள் என்ற ஐயத்தின்பேரில், கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டையை ஒட்டிய வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இந்த ஐயம் எவ்வளவு அநீதியானது என்பதற்கு ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கானின் வாழ்வே சான்று. பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர மறுத்துப் பெருஞ்செல்வத்தை இழந்தவர் அவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. அந்தப் பாலத்தின் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. பழைய பாலத்தின் கல்வெட்டு அருகில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆர்மீனியராயினும் உஸ்கான் ரோமன் கத்தோலிக்க மரபைத் தழுவியவர் ஆதலால், 1751இல் இறந்தபின் வேப்பேரிச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 

இன்றுள்ள ஆலயம் பழைய ஆர்மீனிய இடுகாடு இருந்த நிலத்தில் கட்டப்பட்டது. நிலத்தை அளித்தவர் ஆகா ஷஹாமீர் ஷஹாமீரியான் (1723–1797) என்னும் செல்வந்தர். ஆலயம் எழுந்த அதே காலத்தில் அவர் சென்னையில் ஓர் ஆர்மீனிய அச்சகத்தையும் நிறுவினார். அங்கே அச்சான, 1773 என ஆண்டு குறிக்கப்பட்ட ‘வொரொகாயித் பாராத்ஸ்’ என்னும் நூல், அந்நியர் ஆட்சியில் இருந்த ஆர்மீனியா விடுதலை பெற்றால் எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்பதற்கான அரசியலமைப்பு வரைவாகும். நாடே இல்லாத மக்கள் நாட்டிற்குச் சட்டம் எழுதியது இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் சென்னைக் கறுப்பர் நகரத்தில் இருந்துதான் என்பது, இந்நகரின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய கவனம் செலுத்தாத செய்தி.

அச்சுப்பணியின் உச்சம் ‘அஸ்தரார்’ என்னும் திங்களிதழ். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான இது, ஆலயத்தின் குருவான ஹருத்தியூன் ஷ்மவோனியனால் 1794 அக்டோபரில் தொடங்கப்பட்டு, 1796 வரை 18 இதழ்களாக வெளிவந்தது. ஷிராஸ் நகரில் பிறந்த ஷ்மவோனியன் 1824இல் சென்னையில் காலமானார். அவரது கல்லறை ஆலய வளாகத்திலேயே உள்ளது. ஆர்மீனியாவிலிருந்து வருவோர் அங்கே மலர் வைத்து வணங்குகின்றனர்.

தெருவிலிருந்து கனமான வாயிற்கதவைக் கடந்தால் திறந்த முற்றம் வருகிறது. முற்றத்துத் தரையிலும் நடைவழிகளிலும் ஆர்மீனிய எழுத்துகள் பொறித்த கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 350 ஆர்மீனியர் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆலயத்திற்குத் தனியே, பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ எடையுள்ளது. இவற்றுள் மிகப் பழையது 1754ஆம் ஆண்டினது. 1808இல் மீண்டும் வார்க்கப்பட்ட அம்மணியில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன. 1837இல் வந்த மணிகளில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயர் உள்ளது. ஆர்மீனிய ஆலயத்து மணியில் தமிழ் இடம்பெற்றதைவிட, இச்சமூகம் இம்மண்ணோடு கொண்ட உறவுக்கு நேரடியான சான்று வேறில்லை.

இதே தெருவில் ரோமன் கத்தோலிக்கரின் புனித மரியன்னை இணைப் பேராலயமும், கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட ஆங்கிலிக்கன் புனித மரியாள் ஆலயமும் இருப்பதால், மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வோர் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் பிடி வணிகத்தில் இறுகியதும், ஆர்மீனியர் கல்கத்தாவிற்கும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் நகர்ந்தனர். சபை படிப்படியாகச் சுருங்கி, முறையான ஞாயிறு வழிபாடும் நின்றது. கொல்கத்தாவில் இயங்கும் ஆர்மீனியத் திருச்சபை நிர்வாகமே இன்று ஆலயத்தைப் பராமரிக்கிறது; வழிபாடு நடத்தக் குருமாரும் அங்கிருந்தே எப்போதாவது வருகின்றனர்.