கைக்கு என்ன கணக்கு?

பண்ருட்டியில் பலா மரம் ஏறிப் பிழைப்பவர் ஒருவர். அரசாங்க கிளார்க் ஒருவர். பஸ் மோதி இருவருக்குமே இடது கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈடு ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1939-ல். ஆனால், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலையில்தான்! அதுவரை, மோதிய வண்டிக்காரரிடம் பணம் இருந்தால்தான் அடிபட்டவருக்குக் காசு. அதற்கும் சிவில் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கணும். தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது 1956-ம் வருடத் திருத்தம்.

அப்புறமும் ஒரு சிக்கல். டாக்டர் சர்ட்டிஃபிகேட்டில் '60 சதவிகித ஊனம்' என்றிருந்தால், வருமானமும் அதே அளவுதான் போச்சு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் திருத்தியது. கையை இழந்த டிரைவரோ, தச்சரோ பிழைப்பையே முழுசாக இழக்கலாம். கிளார்க்கின் வேலை அப்படியே தொடரலாம். ஆகவே, தொழிலைப் பார்த்துக் கணக்கிடு என்றது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் டீமை நடத்தும் மேனேஜரின் மேஜையில் ஃபைல்கள் குவிந்து கிடக்கும். சதவிகிதத்தைப் பெருக்கிவிட்டால் ஃபைல் சட்டென்று மூடிவிடும். மரம் ஏறியவர் வீட்டில் அடுப்பு எரியுமா?

'என்ன வேலை செய்தார்?' டீம் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்!