ரூபென்ஸின் ஓவியமும் நல்லூர்க் கோயிலும்



கண்ணால் காண வேண்டிய ஓவியத்தைக் காதால் கேட்கச் செய்வது சற்றுச் சங்கடமான காரியமே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட ஓவியம் நமது யாழ்ப்பாண வரலாற்றோடு ஒருவகையில் உறவு பூண்டதாதலின், அதனைச் சொல்லாலேயே தீட்டிக்காட்ட முயல்கிறேன்.

அன்ற்வேர்ப் நகரில் இயேசு சபையார் கட்டிய தேவாலயத்தின் பெரிய பீடத்துக்காக, 1617, 1618 ஆம் ஆண்டளவில் பீற்றர் போல் ரூபென்ஸ் தீட்டியது இது. பொருள், பிரான்சிஸ் சவேரியாரின் அற்புதங்கள். ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய இவ்வோவியம் 1776 இல் வியன்னாவுக்குச் சென்றது; அங்குள்ள கலைக்கூடத்தில் இன்றும் காணலாம்.

உயர்ந்த கல்மேடையொன்றில் சவேரியார் நிற்கிறார். கீழே பெருங்கூட்டம். இறந்தவன் எழுகிறான், குருடன் கைகளால் வெளியைத் துழாவுகிறான். நெளிந்தும் சரிந்தும் கிடக்கும் அவ்வுடல்களின் வழியே மேலேறும் நம் பார்வை, முனிவரைச் சேர்ந்து, அங்கிருந்து வானத்தை நோக்குகிறது. பல வண்ணங்கள் ததும்பும் கூட்டத்துக்கு மேல் அவர் அணிந்திருப்பதோ வெறும் கறுப்பு அங்கி. அலைமோதும் காட்சியில் அசையாத தூணாக நிற்பது அந்தக் கருமைதான். பறோக் ஓவியர் நிறத்தை அலங்காரத்துக்காக மட்டும் கையாளவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி, ஒளியைக் கவனியுங்கள். வானத்தில் கிண்ணம் ஏந்திய மங்கையாக விசுவாசம் உருவகிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பாயும் கதிர்கள் ஒரு கோயிலினுள்ளே புகுந்து, அங்குள்ள விக்கிரகத்தைத் தகர்த்து வீழ்த்துகின்றன. மனிதக் கை எதுவும் அதனைத் தீண்டவில்லை. சவத்தை எழுப்பும் அருளும் சிலையை வீழ்த்தும் ஆற்றலும் ஒன்றே என்று ஓவியர் ஒளியினாலேயே வாதிடுகிறார்.

அந்தக் கோயில் எது? நம்மவர் கோபுரம் அங்கில்லை. உரோமாபுரியை நினைவூட்டும் தூண்களே உள்ளன. விக்கிரகமும் அரக்க வடிவம். கீழைநாட்டை ஒருபோதும் காணாதவர் ரூபென்ஸ். ஏட்டிலே படித்ததையும் செவியிலே கேட்டதையும் கொண்டு ஓர் ஆசியாவைக் கற்பித்துக்கொண்டார்.

உண்மையான சவேரியாரோ நமக்கு அயலவர் அல்லர். முத்துக்குளித்துறையில் பணியாற்றியவர். 1544 இல் மன்னாரில் புதுக்கிறிஸ்தவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தபோது, அவன்மீது படை அனுப்பப்பட வேண்டுமென விழைந்தார். 1545 இல் அதன்பொருட்டு நாகபட்டினத்தில் காத்திருந்தார், படையெடுப்பு நடைபெறவில்லை.

யாழ்ப்பாணம் இறுதியாக வீழ்ந்தது 1619 இல். அன்ற்வேர்ப் ஓவியம் முடிந்து ஓராண்டளவில். பிலிப் டி ஒலிவேறா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அடியோடு இடிப்பித்தான். ரூபென்ஸ் வானத்துக் கதிருக்கு விட்ட வேலையை இங்கே கூலிக்கும் ஆணைக்கும் உட்பட்ட மனிதக் கைகள் செய்தன. ஓவியத்தில் ஒரு கணத்தில் முடிவது, மண்ணில் கல்கல்லாகப் பெயர்க்கப்பட வேண்டியிருந்தது.

1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். இம்முறை கத்தோலிக்கரின் முறை. அவர்தம் குருமார் துரத்தப்பட்டனர்; தேவாலயங்களும் கைமாறின. 1687 இல் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் அடிகள், ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணத்திலே நடமாடி, இரவிலே இரகசியமாகப் பூசை செய்தார். நல்லூரில் இன்று நாம் காணும் கோயிலின் தொடக்கமும் அதே ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலேதான்.