பரிசு என்பதும் கூலி என்பதும்

அமெச்சூர் என்ற சொல்லை நாம் முதலில் கேட்டது விளையாட்டில் அல்ல, நாடகத்தில். 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, மேடையேறிய வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் தங்களைக் கூத்தாடிகளிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு கோடு தேவைப்பட்டது. காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி. ஆசைக்கு ஆடுகிறவர் அமெச்சூர். (இதில் எங்கே 'ன்', எங்கே 'ர்' என்பதைக் கவனிக்கவும்.) நடிப்பின் தரம் இந்தக் கோட்டைப் போடவில்லை. வேறு இடத்தில் சோறு இருக்கிறதா இல்லையா என்பதே போட்டது.

விளையாட்டில் இதே கோடு ஒளிவுமறைவில்லாமல் வந்தது. 1866இல் இங்கிலாந்தில் உருவான அமெச்சூர் தடகளக் கழகம், பரிசுப் பணத்துக்கு ஓடியவர்களோடு மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரையும் விலக்கி வைத்தது. ஆக, ஒரு பைசா வாங்கியிராவிட்டாலும் கையால் உழைக்கிறவன் அமெச்சூர் ஆக முடியாது. பள்ளிபாளையத்துத் தறிக்காரரையும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவரையும் இந்த விதியில் வைத்துப் பார்த்தால், அது யாரை வெளியே நிறுத்த எழுதப்பட்டது என்பது விளங்கும். கிரிக்கெட்டில் 1806 தொடங்கி 1962 வரை 'கனவான்கள்', 'ஆட்டக்காரர்கள்' என்று இரண்டு அணிகள் மோதிவந்தன. இருவருக்கும் உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாசலும் வேறு. நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கனவான் அணியின் பெரிய பெயரான டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு 1895இல் திரட்டித் தரப்பட்ட நிதி மட்டும் 9,000 பவுண்டைத் தாண்டியது. அது கூலி அல்ல, அன்பளிப்பு. ஆகவே அவர் அமெச்சூராகவே நீடித்தார். அமெச்சூரியம் மேட்டுக்குடியின் அறவியல் என்பது பூர்தியூவின் வாதம். கிரேஸின் வரவைப் பார்த்தால் அது ஒருவகைக் கணக்கெழுத்தும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. பூல் மேஜையின் மூத்த உறவான ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், நெவில் சேம்பர்லெய்ன் என்ற இளம் அதிகாரியின் கையில் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லெய்ன் வேறு ஆள்.) அதன் விதிகள் எழுத்தில் வடிவம் பெற்றது 1880களில் ஊட்டி கிளப்பில். கிளப்புகளின் பில்லியர்ட்ஸ் அறையில் மார்க்கர் என்றொருவர் இருப்பார். புள்ளி குறிப்பது, பந்துகளை எடுத்து வைப்பது, மேஜைத் துணியைத் துலக்குவது, துரை தனியாக வந்துவிட்டால் எதிரே நின்று ஆடிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பொழுதெல்லாம் மேஜையோடு கிடப்பவருக்கு ஆட்டம் கைவந்துவிடும். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்குகிறாரே, அமெச்சூர் இலக்கணப்படி அவர் தொழில்முறையாளர். கிரிக்கெட்டில் பல்வாங்கர் பாலுவின் கதையும் இதுதான். புனே கிளப்பில் ஆங்கிலேயருக்குப் பந்து போட்டுக் கூலி வாங்கிய அந்தத் தலித் பந்துவீச்சாளருக்கு அங்கே மட்டை பிடிக்க வாய்ப்புத் தரவில்லை. பந்து போடுவது உழைப்பு, அடிப்பது விளையாட்டு.

பணத்துக்கு வருவோம். 1927இல் முதல் உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் போட்டியை வென்ற ஜோ டேவிஸ் கொண்டுபோனது 6 பவுண்டு 10 ஷில்லிங். 2019 முதல் அதே பட்டத்துக்கு 5 லட்சம் பவுண்டு. மேஜை அதே மேஜை, பந்து அதே பந்து. நடுவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது, சிகரெட் கம்பெனி வந்தது, பிறகு பந்தயக் கம்பெனி வந்தது. அமெச்சூர் பக்கம் இவை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், எந்த விளையாட்டிலும் இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியன். அவர் பெயரோடு நாம் நினைவு வைத்திருப்பது தொகையை அல்ல, 1965இல் வந்த பத்மஸ்ரீயை. மைக்கேல் ஃபெரேரா 1981இல் அந்தப் பத்மஸ்ரீயையே வேண்டாம் என்றார். கவாஸ்கருக்கு மட்டும் பத்மபூஷணா என்பது அவர் கேள்வி. அதைத் தற்பெருமை என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு சம்பளப் பேச்சுவார்த்தையாகவே படுகிறது. பணம் என்ற அளவுகோல் இல்லாத இடத்தில் விருதுதான் அளவுகோல். தொழில்முறை என்றாலே பணமழை என்பதும் பொய். பங்கஜ் அத்வானி 2012இல் தொழில்முறை ஸ்னூக்கருக்குப் போய் 2014இல் திரும்பி வந்தார். அந்த வட்டாரத்தில் மேலே இருக்கிற சிலருக்கே அந்த லட்சங்கள். கீழ்வரிசைக்காரர் பயணச் செலவைக் கைக்காசில் போட்டுவிட்டு முதல் சுற்றிலேயே வெளியேறுவார்.

சரி, எங்கள் பக்கத்துப் பரிசு எங்கிருந்து வருகிறது? சேலத்தில் நான் பார்த்த பூல் கூடங்களில் சட்டம் எளிமையானது: தோத்தவன் டேபிள் காசு கட்டணும். ஜெயித்தவனுக்குக் கிடைப்பது ஓர் இலவச ஆட்டம். கேரம் போட்டியானாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட்டானாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஓமலூர், தாரமங்கலம், ராசிபுரம் சுவர்களில் அந்த நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் பரிசுத் தொகையைவிட 'உபயம்' என்று போட்டிருக்கும் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 32 அணி, ஆளுக்கு 1,000 ரூபாய் என்றால் வசூல் 32,000. பந்து, மைக் செட், பந்தல், நடுவருக்குப் பிரியாணி போக முதல் பரிசு 15,000 என்று வையுங்கள். 11 பேர் பிரித்தால் தலைக்கு 1,363 ரூபாய். அதில் வேன் வாடகை கழியும். தறி ஷிப்டையோ சேகோ பேக்டரி வேலையையோ விட்டுவிட்டு வந்தவனுக்கு அன்றைய கூலியும் கழியும். இது ஜெயித்தவன் கணக்கு. மற்ற 31 அணிகளில் பெரும்பாலோர் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆக, அமெச்சூர் பரிசு என்பது பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் சொந்தக் காசு தங்களுக்குள்ளேயே சுற்றி வருவது. தொழில்முறைப் பரிசு வெளியிலிருந்து, பார்க்கிறவனின் நேரத்தை விற்று வருவது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் திறமையின் விலை என்று பேசுவது கருத்தியல் மோசடி.

சின்னப்பம்பட்டி நடராஜன் இந்த மைதானங்களில் டென்னிஸ் பால் போட்டு வளர்ந்தவர். நெசவுக்கூலிக் குடும்பத்துப் பிள்ளை. 2017 ஐபிஎல் ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம், போன விலை 3 கோடி. அடுத்த ஆண்டு 40 லட்சம். 2022க்கு 4 கோடி, 2025க்கு 10.75 கோடி. கை ஒன்றுதான், விலை இப்படி ஏறி இறங்குகிறது. அவர் ஜெயித்த கதையை நம் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு ஏலம் என்ற சொல்லை யாரும் நின்று பார்க்கவில்லை. மனிதனை ஏலம் விடுவது அவமானம் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். ஏலத்தில் விலை எழுதப்படுகிறது, ஒப்பந்தம் போடப்படுகிறது, தராவிட்டால் கேட்க ஒரு தாள் இருக்கிறது. ஊர்ப் போட்டியில் அந்தத் தாள் கிடையாது.

மூன்றாவதாக ஒரு பணம் உண்டு, அரசின் ஊக்கத்தொகை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது தமிழக அரசு 2 கோடி அறிவித்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். டிசம்பரில் குகேஷ் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். குகேஷுக்கு அரசு 5 கோடி, காசிமாவுக்கு 1 கோடி. குகேஷுக்குப் போட்டியிலேயே 13.5 லட்சம் டாலர் கிடைத்திருந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று பலரும் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரசைத் திட்டுவதோடு அது நின்றுவிட்டது. ஏற்கெனவே சந்தை விலை வைத்த ஆட்டத்துக்கு அரசும் கூடுதல் விலை வைக்கிறது. சந்தை தொடாத ஆட்டத்துக்கு அரசும் தயங்குகிறது. 1991லும் 1995லும் கேரம் உலகச் சாம்பியனான மரிய இருதயத்துக்கு 1996இல் அர்ஜுனா விருது வந்தது. கேரம் பலகை இல்லாத தெரு நம் ஊரில் எது? அவ்வளவு பேர் ஆடியும் அது யாருக்கும் பிழைப்பாகவில்லை.

இந்த வேறுபாட்டை வருமான வரித்துறை நம் விமர்சகர்களைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1986 ஜனவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 447ஆம் சுற்றறிக்கை, தொழில்முறை ஆட்டக்காரருக்கு வரும் விருதுத் தொகை வருமானம், அதற்கு வரி உண்டு என்றது. தொழில்முறையல்லாதவருக்கு வருவது அன்பளிப்பு, அவர் மேலுள்ள மதிப்புக்காகத் தரப்படுவது, அதற்கு வரி இல்லை. ஆட்டக்காரருக்கு இது லாபம், மறுக்கவில்லை. கிரேஸின் 9,000 பவுண்டும் தாரமங்கலத்துப் பையனின் 1,363 ரூபாயும் ஒரே தலைப்பின்கீழ் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆனால் மார்சல் மாஸ் எழுதியது போல அன்பளிப்பு வாங்கியவன் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டவன்: உபயதாரருக்குச் சால்வை, போட்டோவுக்கு ஒரு சிரிப்பு, தேர்தல் வந்தால் வண்டியில் ஒரு கொடி. கூலி பாக்கி என்றால் தொழிலாளி லேபர் ஆபீசுக்குப் போகலாம். அறிவித்த 15,000 மேடையில் 10,000 ஆகிவிட்டால் கேப்டன் எங்கே போவான்? ஒருமுறை ஒரு கேப்டன் கேட்டே விட்டான், "அண்ணா, நோட்டீஸ்ல பதினஞ்சுன்னு போட்டிருக்குங்களே." கமிட்டிக்காரர் கோபப்படவில்லை. நோட்டீஸை வாங்கி, அடியில் சின்ன எழுத்தில் இருந்த கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: கமிட்டியின் முடிவே இறுதியானது.