ரிதம் அண்ட் புளூஸ்: முதல் தலைமுறைக் குரல்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நடன இசையாக 1940களில் திரண்டு வந்தது ரிதம் அண்ட் புளூஸ். இசை முதலில் வந்தது, பெயர் பிறகுதான் கிடைத்தது. கறுப்பினத்தவர் வாங்கும் இசைத்தட்டுகளுக்கு 'பில்போர்டு' இதழ் 1942இல் தொடங்கிய பட்டியல் 'ஹார்லம் ஹிட் பரேடு' என்றும், 1945 முதல் 'ரேஸ்' என்றும் அழைக்கப்பட்டது. 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயர் அச்சேறியது 1949 ஜூனில். அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அங்கே எழுதிக்கொண்டிருந்த ஜெர்ரி வெக்ஸ்லர்.

அந்தப் பட்டியலைத் தொடக்கத்தில் ஆண்டவர் லூயி ஜோர்டன். ஆர்கன்சாவில் 1908இல் பிறந்த சாக்சபோன்காரர். பெரிய வாத்தியக் குழுக்களைக் கட்டி மேய்ப்பது செலவு பிடித்த காலத்தில், சின்னக் குழு, துள்ளும் தாளம், நையாண்டி வரிகள் என்று வழியை மாற்றிக்கொண்டார். 1946இல் வந்த 'சூ சூ சபூகி' 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அவருடைய 18 பாடல்கள் அந்த இடத்தைத் தொட்டிருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரும் ஒருவகையில் கைகொடுத்தது. 78 சுழற்சித் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 1942இல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்ததும், பெரிய நிறுவனங்கள் கறுப்பின இசைக்கான தட்டுகளைக் குறைத்துக்கொண்டன. அந்த வெற்றிடத்தில் சிறு நிறுவனங்கள் முளைத்தன: சின்சினாட்டியில் கிங், நியூயார்க்கில் அட்லாண்டிக், ஹூஸ்டனில் பீகாக்.

லூசியானாவில் பிறந்த ராய் பிரவுன் தாம் எழுதிய 'குட் ராக்கிங் டுநைட்' பாடலை வைனோனி ஹாரிஸிடம் கொடுக்கப் போனார். ஹாரிஸ் வேண்டாம் என்றார். பிரவுன் 1947இல் தாமே பாடித் தட்டாக்கினார்; அது விற்கத் தொடங்கியதும் ஹாரிஸுக்கு மனம் மாறியது. கைதட்டல்களோடு அவர் பாடிய கிங் தட்டு 1948இல் முதலிடம் பிடித்து, பிரவுனின் தட்டை முந்தியது. இதே பாடலை 1954இல் எல்விஸ் பிரெஸ்லியும் பாடினார்.

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தைச் சேர்ந்த ரூத் பிரவுன், 1948இல் நியூயார்க் அப்போலோ அரங்குக்குப் போகும் வழியில் கார் விபத்தில் சிக்கினார். அட்லாண்டிக்குடனான ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டது மருத்துவமனைக் கட்டிலில். 1949இல் 'சோ லாங்' கவனம் பெற்றது. அடுத்த ஆண்டு 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்' 11 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. குரல் உச்சத்தில் கீச்சிட்டு உடையும் அந்த நொடிதான் அவருடைய முத்திரை. 1953இல் முதலிடத்துக்கு வந்த 'மாமா, ஹீ ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' பாடலில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். அட்லாண்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்றே இசைத்துறையினர் அழைத்தார்கள்.

அதே 1953இல் 'பிக் மாமா' தார்ன்டனின் 'ஹவுண்ட் டாக்' 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு யூத இளைஞர்கள். தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். 1956இல் எல்விஸ் பாடியபோது அது உலகப் புகழ் பெற்றது.

வெள்ளையர் மறுபதிவுகள் அன்று அன்றாடக் கதை. கறுப்பினப் பாடகி லவெர்ன் பேக்கரின் 'ட்வீடில் டீ'யை அதன் இசையமைப்போடு நகலெடுத்து ஜார்ஜியா கிப்ஸ் பாடிய தட்டு, பாப் பட்டியலில் அசலைத் தாண்டிப் போனது. பாடலை எழுதியவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாடும் பாணிக்கு இல்லை. பேக்கர் 1955இல் காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸிடம் முறையிட்டும் சட்டம் அசையவில்லை.

ஒலிப்பதிவுச் செலவைப் பாடகர் கணக்கிலேயே எழுதிக் கழிப்பது அன்றைய வழக்கம். அதனால் ராயல்டி பலருக்குக் கைக்கு வந்து சேரவில்லை. 1960களில் ரூத் பிரவுன் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். 1980களில் வழக்கறிஞர் ஹாவல் பெகிலின் துணையோடு அட்லாண்டிக்கிடம் கணக்குக் கேட்டார். நிறுவனம் பழைய கடன்களைத் தள்ளி, நிலுவையைக் கொடுத்தது. 1988இல் முதுபெரும் கலைஞர்களுக்கு உதவ ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை உருவானபோது அதற்கும் நிதி தந்தது. மறு ஆண்டே 'பிளாக் அண்ட் புளூ' இசை நாடகத்துக்காக ரூத் டோனி விருது பெற்றார்.