வில்லியம் மொறிஸும் பழங்கட்டடப் பாதுகாப்பும்: சில குறிப்புகள்

பழங்கட்டடங்களைப் பேணுதல் என்பது பெரும்பாலும் அழகியல் இரசனை சார்ந்த, அல்லது சமயப்பற்றுச் சார்ந்த விடயமாகவே நம்மிடையே நோக்கப்பட்டு வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே அது உழைப்பு பற்றிய கோட்பாட்டுப் பிரச்சினையாக உருப்பெற்றமையும், அவ்வாறு உருப்பெறச் செய்தவர் ஒரு கவிஞர் என்பதும் இலக்கிய மாணவரின் கவனத்தை வேண்டி நிற்பன.

1877 மார்ச்சில், ரியூக்ஸ்பரி தேவாலயம் கில்பேட் ஸ்கொட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞராற் புதுப்பிக்கப்படவிருப்பதை அறிந்த வில்லியம் மொறிஸ், 'அதீனியம்' இதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அம்மாதமே புராதன கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அக்காலத்திற் 'புனருத்தாரணம்' எனப்பட்டது யாது? பின்வந்த நூற்றாண்டுகள் சேர்த்தவற்றை இடித்தகற்றி, பழைய சாந்துப் பூச்சைச் சுரண்டியெடுத்து, கட்டடத்தை அதன் 'தூய' கொதிக் வடிவத்திற்கு மீட்பதாகும். அத்தூய வடிவமோ பல சந்தர்ப்பங்களிற் புதுப்பிப்பவரின் கற்பனையே. இதனாற் சங்கத்திற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்னும் பொருள்படும் செல்லப்பெயர் வழங்கலாயிற்று. (தமிழில் இச்சொல் தரும் இரட்டைப் பொருள் தற்செயலானதே, எனினும் மொறிஸ் அதனை வரவேற்றிருப்பார்.)

1883 இற் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்த மொறிஸ், அவ்வாண்டிலேயே மார்க்சின் 'மூலதன'த்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிற் படித்தார். 1884 ஜூலையிற் சங்கத்தின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். மத்தியகாலக் கைவினைச் சங்கம், வேலைப்பிரிவினை மிக்க பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டறை, இயந்திரத் தொழிற்சாலை என உழைப்பின் வரலாற்றை வகுத்து, அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வருகின்றார். கொதிக் கட்டடம், தன் கருவிமீதும் வேலைநேரத்தின்மீதும் ஓரளவு கட்டுப்பாடு கொண்டிருந்த கைவினைஞனின் ஆக்கம். வரைபடத்தைப் பார்த்துக் கூலிக்குச் செதுக்குபவனால் அதனை மீளப் படைத்தல் இயலாது. அவனிடம் திறமை இல்லை என்பதன்று காரணம். அத்திறமை செயற்படுதற்குரிய உற்பத்தி உறவுகள் மறைந்துவிட்டன என்பதே காரணம். 1849 இல் ஜோன் றஸ்கின் ஒழுக்கவியல் நிலைநின்று கண்டித்த ஒன்றுக்கு மொறிஸ் பொருள்முதல்வாத அடித்தளம் அளித்தார் எனலாம்.

எனவே, பழைய பொருள்களையும் முறைகளையும் கையாளுதல் பழமையைப் போலிசெய்தல் ஆகாது. சங்கத்தின் வழிவந்த பழுதுபார்ப்பு முறையிலே, சிதைந்த கல்லின் இடத்தில் ஓட்டுத் துண்டுகளைச் சுண்ணச்சாந்தில் அடுக்கி நிரப்புவதுண்டு. பழுதுபார்த்த இடம் எவர் கண்ணுக்கும் தெரியும்; தெரியவும் வேண்டும். சுண்ணாம்பை வலியுறுத்துவதிலும் வெறும் பழமைப்பற்று இல்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல இறுகும். கல்லிலும் மென்மையாயிருந்து, சுவரின் ஈரம் தன்வழியே வெளியேற இடந்தரும். 1824 இல் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போட்லன்ட் சீமெந்தின் வழிவந்த இன்றைய சீமெந்தோ விரைந்து இறுகுவது, கடினமானது. பழஞ்சுவரின் இணைப்புகளை அதனாற் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுக் கல்லின் வழியே வெளியேற முனையும். உப்புப் படிந்து, கல்லின் முகம் உதிரும். சாந்து அழிந்து கல்லைக் காத்த நிலை மாறி, கல் அழியச் சாந்து நிலைக்கும். சீமெந்தின் வெற்றிக்கு அதன் வலிமை மட்டும் காரணமன்று. நீற்றுவதற்கும் இறுகுவதற்கும் வேண்டிய காலத்தையும், அதனை அறிந்த மேசனின் கூலியையும் ஒப்பந்தகாரர் மிச்சப்படுத்த அது உதவியது.

மொறிஸ் மரபு நம் நாட்டையும் தொட்டது. சங்கம் தோன்றிய அதே 1877 இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்தின் புறோட் காம்டனில் இடிபாடுற்றிருந்த நோமன் காலச் சிற்றாலயம் ஒன்றைச் சி. ஆர். அஷ்பியைக் கொண்டு செப்பனிட்டு இல்லமாக்கினார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது நூல் 1908 இல், மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே, 425 பிரதிகளாகக் கையால் அச்சிடப்பட்டது. அவ்வேளையில் அஷ்பியின் கைவினைச் சங்கம், மலிவான இயந்திரப் பொருள்களுடன் போட்டியிட முடியாது கலைந்துகொண்டிருந்தது.

குமாரசுவாமி மொறிஸிடமிருந்து கைவினைஞனின் மாண்பைப் பெற்றுக்கொண்டார். வர்க்கப் பகுப்பாய்வை விட்டுவிட்டார். கண்டி இராச்சியத்தில் நிலத்திற்கு ஈடாகச் சேவை செய்த கைவினைஞரின் சாதியமைப்பு அவருக்கு இசைவான ஒழுங்காகவே தோன்றியது. மொறிஸின் வினாவோ, அவ்வொழுங்கிற்குள் உழைத்தவனுக்குத் தன் உழைப்பின்மீது என்ன உரிமை இருந்தது என்பதாகவே இருந்திருக்கும்.