செம்புக் குழாயும் பம்மல் கிணற்று நீரும்

வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களில் இந்நாளில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு: தண்ணீர்க் குழாய்க்கு எதைப் போடுவது? இரும்பா, பிளாஸ்டிக்கா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் செம்பு என்று மூன்றாவது பெயரைச் சொல்கின்றனர். அந்நாடுகளில் வீட்டுச் சுவர்களுக்குள்ளே செம்புக் குழாய் ஓடுவது வழக்கந்தான். தலைமுறை கடந்தும் அவை நிலைத்திருப்பதும் உண்மையே.

செம்பில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம். 'சொம்பு' என்று நாம் சொல்லும் கலத்துக்கு அதன் உலோகமே பெயராயிற்று. அவ்வாறிருக்க, நமது வீட்டுச் சுவருக்குள் மட்டும் செம்பு ஏன் புகவில்லை? வினா சிறியது. ஆயினும், விடை தேடிச் செல்வோமாயின் அது எகிப்தின் பிரமிடுகளில் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே பம்மலின் கிணற்றடியில் வந்து முடிகிறது.

முதற் குழாய்கள்

எகிப்தில் அபூஸீர் என்னுமிடத்தில் சஹூரே என்னும் அரசனின் பிரமிடும், அதையொட்டிய கோயிலும் உள்ளன. 1907, 1908ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் லூட்விக் போர்ச்சார்ட் அங்கே அகழ்ந்தபோது, கல் தளத்தின் அடியில் செம்புக் குழாய்கள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன்னர், செம்பைத் தகடாகத் தட்டி, வளைத்துச் செய்யப்பட்டவை அவை. மழைநீரும் கழுவிய நீரும் வெளியேறுவதற்காக அமைந்தவை. நாமறிந்த செம்புக் குழாய்களுள் மிகப் பழமையானவற்றுள் இவையும் அடங்கும்.

உரோமர் வேறு வழி சென்றனர். ஈயம் மலிவு, எளிதில் வளையும். ஆகவே தம் நகரங்களில் அவர்கள் ஈயக் குழாய்களைப் பதித்தனர். ஈயத்துக்கு இலத்தீனில் 'பிளம்பம்'. குழாய் வேலை செய்பவரை நாம் இன்றும் 'பிளம்பர்' என்றழைக்கிறோமே, அச்சொல்லின் வேர் இதுதான். ஈயக் குழாயின் நீர் உடலுக்குத் தீங்கு; மண் குழாயின் நீரே நலம் என்று விட்ருவியஸ் என்ற உரோமக் கட்டடக் கலைஞர் அக்காலத்திலேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை முழுமையாகச் செவியேற நெடுங்காலம் ஆயிற்று. செம்புக் குழாய்களைப் பற்றவைக்கும் பொடியில் ஈயம் கலப்பதை அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது 1986இல்தான்.

அரபு நூல்களில் செம்பு

அரபியில் செம்புக்கு 'நுஹாஸ்' என்று பெயர்; உருகிய செம்பு 'கித்ர்' எனப்படும். சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு உருகிய செம்பின் ஊற்று வழங்கப்பட்ட செய்தியைத் திருக்குர்ஆனின் ஸபஃ அத்தியாயத்தில் காண்கிறோம். துல்கர்னைன் எழுப்பிய அரணிலும் இரும்புப் பாளங்களின்மேல் 'கித்ர்' ஊற்றப்பட்ட செய்தி கஹ்ஃபு அத்தியாயத்தில் உள்ளது. பொன், வெள்ளிக் கலங்கள் விலக்கப்பட்டிருக்க, செம்பு, பித்தளைக் கலங்களிலிருந்து ஒளுச் செய்வதற்குத் தடையில்லை என்பதை ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன.

செம்பையும் நீரையும் பொறியியலில் இணைத்த பெருமை அல்ஜஸரீ அவர்களுக்கு உண்டு. தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்துகீ அரசர்களின் அவையில் பணிபுரிந்த இவர், 1206இல் இயந்திரங்களைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை நிறைவு செய்தார். செம்பு உருளைகள் இரண்டினுள் உந்துதண்டுகள் மாறி மாறி இயங்க, நீரை உறிஞ்சி மேலேற்றும் பொறி ஒன்று அதில் வரைபடத்துடன் விளக்கப்பட்டுள்ளது. அரசர் ஒளுச் செய்வதற்கென அவர் வகுத்த நீர்ப் பொறிகளும் அந்நூலில் இடம்பெறுகின்றன.

முகலாயர் காலத் தோட்டங்களிலும் இக்கலை தொடர்ந்தது. தாஜ்மகாலில் நீரைக் கொண்டுசென்றவை பெரும்பாலும் சுட்ட மண் குழாய்களே. ஆனால் ஒவ்வொரு நீரூற்றின் அடியிலும் ஒரு செம்புக் கலம் வைக்கப்பட்டிருந்தது. நீர் முதலில் அக்கலங்களை நிரப்பி, அதன் பின்னரே மேலெழும். ஆகவே முதல் ஊற்றுக்கும் கடைசி ஊற்றுக்கும் உயரம் ஒன்றாயிருந்தது. பேரரசரின் பொருட்செல்வமே செம்பை ஊற்றின் வாயளவில் நிறுத்தி, நெடுவழிக்கு மண்ணைத் தேர்ந்தது என்றால், குடிமக்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

நம் நாட்டில் செம்பின் இடம்

தமிழகத்தின் பழைய குழாய் மண் குழாயே. கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்திய நிலையில் கிடைத்துள்ளன. செஞ்சிக் கோட்டையில் குளத்து நீர் மண் குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்குச் சென்றது. செம்போ கடல் கடந்து வந்த சரக்கு. 12ஆம் நூற்றாண்டில் மேலைக் கடற்கரையில் வாழ்ந்த இப்னு யிஜூ என்ற யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்துள்ளன. ஏடனிலிருந்து உடைந்த பழம் பாத்திரங்களும் செம்பும் கப்பலேறி வந்து, இங்குள்ள பட்டறைகளில் புதுக் கலங்களாக மாறித் திரும்பிச் சென்றதை அவை காட்டுகின்றன. பின்னர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்கள் ஜப்பானியச் செம்புக் கட்டிகளைக் கொண்டுவந்து சோழமண்டலக் கரையில் விற்றனர்.

அவ்வாறு வந்த செம்பு நாணயமாயிற்று; குடமும் தவலையும் அண்டாவும் ஆயிற்று. பெண்ணுக்குச் சீராகச் சென்றது. முடை வந்தபோது அடகுக் கடைக்கும் சென்றது. ஓட்டையானால் எடைக்குப் போட்டுப் புதிது வாங்கலாம். கையில் இருந்தவரை அது குடும்பத்தின் சேமிப்பு. அத்தகைய பொருளைக் கொண்டுபோய்ச் சுவருக்குள் புதைப்பதற்கு எந்தக் குடும்பத் தலைவியும் இசைந்திருக்க மாட்டாள்! செம்புக் குழாய் நம் வீடுகளில் வராமைக்கு இதுவே முதற் காரணம் என்பது நமது கருத்து.

செம்பின் குணத்தையும் குறையையும் நம் பெண்மக்கள் நன்கறிந்திருந்தனர். இரவில் செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த நீரில் நோய்க்கிருமிகள் பல மடிகின்றன என்று இக்கால ஆய்வுகளும் கூறுகின்றன. அதே செம்பில் புளியோ தயிரோ பட்டால் பச்சைக் களிம்பேறும் என்பதால், சமைக்கும் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அடுப்பேற்ற மாட்டார்கள். விருந்துக்குச் சோறாக்கும் தேக்சாக்களுக்குக் கலாய் பூசுபவர் தெருவில் வந்தமர்ந்து பணிசெய்த காலத்தை வாசகர்களுள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இங்கே ஈயம் என்று வழங்கியது வெள்ளீயம்; உரோமர் புதைத்த காரீயம் வேறு. செம்பு தன்னளவில் நல்லது. ஆனால் அதனுள் ஊற்றப்படுவது எது என்பதைப் பார்த்தே அதை நம்பலாம் என்ற பாடம் அடுப்படியிலேயே இருந்தது. குழாய்க்கும் அப்பாடமே பொருந்தும்.

சென்னைக்கு வந்த குழாய் நீர்

கம்பெனி ஆட்சியில் 1772இல் ஏழு கிணறுகளிலிருந்து கோட்டைக்கு நீர் சென்றது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் நகருக்குள் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணலில் வடித்த நீர் வழங்கும் நிலையம் எழுந்தது. தெருவில் வார்ப்பிரும்புக் குழாய். வீட்டுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். இதுவே நெடுநாள் வழக்கம். செம்பு வீட்டுக்குள் வந்தது குளியலறைப் பாய்லராகத்தான். நடுவே கரி போடும் குழலும், பக்கத்தில் பித்தளைக் குழாய்வாயும் கொண்ட அந்தச் செம்புப் பாய்லர் வசதியுள்ளோர் வீட்டின் அடையாளமாக விளங்கிற்று.

பம்மலின் நீர்

நகரக் குழாய் நீர் புறநகரை உடனே எட்டிவிடவில்லை. நாடகத் தந்தை சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டி உலகறிந்த பம்மல், கிணற்றை நம்பியே வாழ்ந்த ஊர். பல்லாவரத்தை அடுத்த இப்பகுதியின் அடித்தளம் 'சார்னோகைட்' எனப்படும் கரும்பாறை. அப்பாறையின் பிளவுகளிலும் அதன்மேற் சிதைந்த மண்ணிலுமே நிலத்தடி நீர் தங்குகிறது. அப்பிளவுகளில் ஒருமுறை கேடு புகுந்தால், எளிதில் வெளியேறுவதில்லை.

கேடு புகுந்த வழி தொழில் வழி. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை ஓவியத் தொழிற்பள்ளியில் குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது. அதன் பின்னர்ப் பம்மலிலும் நாகல்கேணியிலும் நூற்றுக்கு மேற்பட்ட தோல் பதனிடும் சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கானோர் அடுப்பு எரிந்தது அத்தொழிலால். ஆம்பூர், வாணியம்பாடி, பெரியமேடு ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் இத்தொழிலில் நமது சமுதாயத்தாருக்குள்ள பங்கு சிறியதன்று. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். பதனிடுகையில் அவ்வுப்பனைத்தும் கழுவப்பட்டு நீரோடு வெளியேறும். குரோமும் உடன் செல்லும். கழிவு தேங்கிய இடங்களில் கிணற்று நீர் உவர்த்தது. குரோமும் நிலத்தடி நீரில் கலந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. 1990களில் இங்குள்ள தோல் சாலைகளுக்கெனப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தையும் உள்ளடக்கித் தமிழகத் தோல் சாலைகளுக்கு அபராதமும் நிபந்தனைகளும் விதித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. பிறர்க்குத் தீங்கிழைக்கலாகாது, இழைத்த தீங்கு நீக்கப்படவேண்டும் என்பது ஃபிக்ஹின் பொது விதிகளுள்ளும் ஒன்றல்லவா?

குழாயும் நீரும்

இனி நமது வினாவுக்கு வருவோம். புளிப்பற்ற நீர் ஓடும்போது செம்பின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று தோன்றி, அதுவே குழாயைக் காக்கும். நீரின் அமிலத்தன்மை மிகுந்தால், அதாவது பி.எச். அளவு 6.5க்குக் கீழே இறங்கினால், செம்பு கரையத் தொடங்கும். கழுவுதொட்டியில் நீலப்பச்சைக் கறை படியும். குளோரைடு உப்பு மிகுந்த நீர், சில நிலைகளில் அப்படலத்தைச் சிதைத்து ஊசித்துளைகளை உண்டாக்கும். செம்புக்குப் பின்னே அதே வழியில் துத்தநாகம் பூசிய இரும்பை இணைத்தால், செம்பினின்று கரைந்து செல்லும் நுண்துகள் இரும்புக் குழாயை அரித்துவிடும்.

குடிநீரில் செம்பு ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தரநிர்ணயத்தின்படி விரும்பத்தக்க அளவு 0.05 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம். கரைந்த உப்புகளுக்கு அவ்வாறே 500, 2000 மில்லிகிராம் என்றும், குளோரைடுக்கு 250, 1000 என்றும் வரம்புகள் உள்ளன. இவ்வரம்புகளை மீறும் ஆழ்குழாய் நீரைச் செம்பில் விடுவது, புளிக்குழம்பை ஈயம் பூசாத பாத்திரத்தில் வைப்பதை ஒக்கும்.

இரும்பும் இந்நீரில் துருப்பிடித்து உட்புறம் அடைத்துக்கொண்டது. ஆகவேதான் பம்மல் வீடுகளில் பிளாஸ்டிக் குழாய் வென்றது. அதை மலிவின் வெற்றி என்று மட்டும் சொல்வது போதாது. கெட்ட நீரைத் தாங்கும் குழாய் அது என்பதே உண்மை. இன்று இவ்வீடுகளில் செம்புக் குழாய் ஓடுவது குளிர்சாதனத்துக்குள்ளும், மாடியிலுள்ள சில சூரிய வெந்நீர்க் கலங்களுக்குள்ளும்தான். குடிநீரோ கேனில் வருகிறது.

செம்பை ஆக்கும் தொழிலும் இவ்வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. தூத்துக்குடியின் செம்பு உருக்காலைக்கெதிராக எழுந்த போராட்டத்தில் 2018 மே 22 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டையும், அங்கே மாண்ட 13 உயிர்களையும் தமிழகம் மறக்கவில்லை. ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. தோலாயினும் செம்பாயினும், பொருள் ஓரிடம் செல்ல, அதன் கழிவு பிறந்த ஊரின் காற்றிலும் நீரிலும் தங்கிவிடுகிறது.

செய்யத் தக்கவை

வீடு கட்டுவோர் குழாய்க் கடைக்குச் செல்லுமுன் நீர்ச் சோதனை நிலையத்துக்குச் செல்வது நலம். நீர் நல்லதாயின் செம்பு போடலாம். செலவு மிகுதி, ஆயுளும் மிகுதி. பற்றவைக்க ஈயமற்ற பொடியையே கேட்டு வாங்குக. இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைச் சற்று வெளியே விட்டுப் பிறகே குடிக்கப் பிடிக்க வேண்டும். நீர் உவராயின் செம்பின் ஆசையை விட்டுவிடுவதே அறிவு.

இதனினும் பெரிய கடமை ஒன்றுண்டு. ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதலில் நிற்பது தூய்மையின் பாடம்; அதில் முதலில் பேசப்படுவது தண்ணீர். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் மாறினவா என்று பார்க்க அது நமக்குக் கற்றுக்கொடுத்தது. குரோமோ இம்மூன்றுக்கும் புலப்படாமலே நீரில் நிற்கக்கூடும். எனவே அச்சோதனையோடு ஆய்வுக்கூடச் சோதனையையும் சேர்த்துக்கொள்வது அப்பாடத்தின் நோக்கத்துக்கு இசைந்ததேயாகும். தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாயிற்று. பம்மல் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. சட்டமும் மன்றமும் இருக்கின்றன. பள்ளிவாசலின் ஹவுளில் வழிந்தோடும் ஒளுநீரையும், மாடியில் விழும் மழையையும் முறையாக நிலத்துக்குள் திருப்பினால், பாறைப் பிளவுகளில் உறைந்த உவர்ப்பு சிறிது சிறிதாகவேனும் தணியும். தோல் தொழிலில் உள்ளோர் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாதிருப்பதைத் தம் கணக்கில் முதல் வரவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

குழாயை மாற்றுவது ஒரு வீட்டாரின் வேலை. நீரை மீட்பது ஊராரின் வேலை. செம்பில் விடத் தகுந்த நீர் பம்மல் கிணற்றில் மீண்டும் ஊறுமானால், எந்தக் குழாய் என்ற வினாவை நம் பேரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.